சுவரைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பியக் கலை, இலக்கியம், தத்துவம் படிக்கப் புறப்படுகிறவர்கள் பிளேட்டோவில் தொடங்கி வரிசையாக வருவார்கள். பாதி வழியிலேயே களைப்பு தட்டிவிடும். ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துப் படியுங்கள் என்பதே என் கட்சி. இத்தாலியில், பாதுவா நகரில், ஸ்க்ரோவேனி சிற்றாலயம். 1305-இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே இத்தாலிய ஓவியர் ஜோட்டோவின் சுவரோவியங்கள்.

படம் இருக்கட்டும், முதலில் சுவர். அடியில் கரடான சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் மெல்லிய பூச்சு, அதுவும் அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும். ஈரம் போவதற்குள் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும்; பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது வண்ணமும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வரையாமல் மிஞ்சிய பூச்சைச் செதுக்கி எறிய வேண்டியதுதான். மறுநாள் பூச்சு முந்தைய நாள் விளிம்பின்மேல் லேசாக ஏறி நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தால் எதை முதலில் வரைந்தார், எதைப் பிறகு வரைந்தார் என்று சொல்லிவிடலாம்.

நீலம்தான் தொல்லை. அசுரைட் என்ற செம்புக் கனிமம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. காய்ந்த சுவரில் பசை சேர்த்துத் தீட்டினார்கள். பசை விட்டதும் உதிர்ந்தது. மரியாளின் நீல மேலாடை பல காட்சிகளில் வெளிறிக் கிடப்பது அதனால்தான். ஜோட்டோ மங்கலாக வரைந்தார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்! மிலானில் லியனார்டோ 'கடைசி இராவுணவு' முழுவதையுமே காய்ந்த சுவரில் வரைந்தார். நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய அதுதான் வசதி. அவர் உயிரோடு இருக்கும்போதே உதிரத் தொடங்கிவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், முதலில் சுவர்.

இனி இலக்கியம். ஆலயத்தைக் கட்டிய என்ரிகோ ஸ்க்ரோவேனியின் தந்தை வட்டிக்காரர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் 'நரகம்' காவியப் பகுதியின் 17-ஆம் காண்டத்தில், கழுத்தில் பணப்பை தொங்க உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்களைக் காட்டுகிறார். ஒரு பையில் நீலநிறச் சினைப்பன்றி. ஸ்க்ரோவேனி குடும்பச் சின்னம் அது. ஜோட்டோவின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்திலும் பணப்பைக் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறவர்கள் உண்டு. அதே சுவரில் என்ரிகோ மண்டியிட்டு, ஆலயத்தின் மாதிரியை மரியாளிடம் நீட்டுகிறார். துணிச்சல்தான்!

தத்துவத்துக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று சைகை வருகிறது. வட்டி ஏன் பாவம்? இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கேள்வி கேள்வியாக எழுதிய 'இறையியல் தொகை', இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, கேள்வி 78. திராட்சை மதுவைக் குடித்தால் தீர்ந்துவிடும்; மதுவுக்கு ஒரு விலை, குடிப்பதற்குத் தனி விலை என்று கேட்க முடியாது. பணமும் அப்படியே; கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம், அதைப் பயன்படுத்தியதற்குத் தனியாக வட்டி கேட்க முடியாது என்கிறார். அவருக்கு முன்னோடி அரிஸ்டாட்டிலின் 'அரசியல்', முதல் புத்தகம். காண்டத்தை முதலில் படியுங்கள், பிறகு கேள்வி 78, அதன்பிறகு ஓவியம். வணக்கம்.