உழைக்கும் என்னும் சொல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

செருப்புக் கடையில் விலையைக் கேட்ட கையோடு நாம் கேட்கும் அடுத்த கேள்வி, "எத்தனை நாள் உழைக்கும்?" என்பதுதான். ஒரு பொருள் கிழியாமல் உடையாமல் நெடுநாள் பயன்தருவதைச் சொல்ல, மனிதர் பாடுபடுவதற்கு உரிய வினையையே தமிழ் எடுத்துக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ உழைப்பு என்றால் சம்பாத்தியம் என்றும் பொருள்.

எல்லாவற்றுக்கும் இச்சொல் பொருந்துவதில்லை. மலை நிலைத்து நிற்கும். அது உழைக்கும் என்று நாம் சொல்வதில்லை. ஊறுகாய் ஓராண்டு கெடாமல் இருக்கும், ஆனால் உழைக்காது. பாயும் குடையும் வேட்டியும் உழைக்கும். அன்றாடம் கையாளப்பட்டு, அதனாலேயே தேய்ந்துகொண்டு, அந்தத் தேய்மானத்துக்கு ஈடுகொடுத்து நிற்பதையே இச்சொல் குறிக்கிறது. பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை ஐம்பது ஆண்டு அப்படியே இருந்தாலும், அதை உழைத்த சேலை என்று யாரும் சொல்வதில்லை. 'நீடித்த ஆயுட்காலம்' என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த நுட்பத்தைக் கைவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டு அம்மி என் பாட்டி காலத்தது. நடுப்பகுதி குழிந்துவிட்டது, குழவியும் மெலிந்துவிட்டது. மிளகாய் மசியாமல் வழுக்கத் தொடங்கினால், "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரை அழைப்போம். அவர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்த பிறகு, கல்துகள் போவதற்காகத் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி மசாலா அரைப்போம். அந்த அம்மி அப்படித்தான் இன்றுவரை உழைக்கிறது.

இந்த எண்ணத்தின் பழைய வடிவம் ஒன்று சோழர் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைக் கொடையாக விடுவது அக்கால வழக்கம். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். நிலவும் சூரியனும் உள்ளவரை இது தொடர வேண்டும் என்பதைக் கல்வெட்டில் 'சந்திராதித்தவல்' என்று எழுதினார்கள். அந்த ஆடுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு மூப்பதும் சாவதும் கல்வெட்டை எழுதியவர்களுக்குத் தெரியாததன்று. மூத்ததற்கும் மடிந்ததற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நம்பித்தான் மந்தைக்குச் சாவா என்றும் மூவா என்றும் பெயரிட்டுக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.