கேம் மாத்தறதுக்கு முன்னாடி: வால்வு பிஸ்டனை இடிக்குமா?

[திரை: கழட்டின பிஸ்டன், கிட்டக்க. தலையில நகம் பதிஞ்ச மாதிரி ஒரு பிறைத் தடம்.]

வணக்கமுங்க. இது வால்வு இடிச்ச தடம். ஒர்க்‌ஷாப்புல வால்வ் கிளியரன்ஸ்னாலே டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடு விட்டுப் பாக்கறதைத்தான் நெனைப்பாங்க. இது வேறங்க. வால்வுத் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மிச்சமிருக்கற இடம். ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கறவங்க நிம்மதியா இருக்கலாம், டூ ஸ்ட்ரோக்குக்குக் கேமே, அதாவது வால்வைத் தொறந்து மூடற தண்டே, கிடையாது.

கேம் வாங்கறப்ப எல்லாரும் லிஃப்ட் (வால்வு எவ்வளவு தூரம் தொறக்குதுங்கறது) எத்தனைன்னுதான் கேக்கறாங்க. ஆனா வால்வு முழுசா தொறக்கறப்ப பிஸ்டன் ரொம்பக் கீழ போயிருக்கும். ஆபத்து ஓவர்லேப்புல. எக்ஸாஸ்ட் மூடிட்டிருக்கும், இன்டேக் தொறந்துட்டிருக்கும், பிஸ்டன் உச்சியில நிக்கும். அதனால கேமோட வர்ற கார்டுல டிடிசி லிஃப்ட்டைப் பாருங்க. டிடிசின்னா பிஸ்டன் உச்சியில நிக்கற இடம், அப்ப வால்வு எவ்வளவு தொறந்திருக்குங்கறதுதான் அந்த அளவு. ரெண்டு கேமுக்கு ஒரே லிஃப்ட் இருந்தாலும், ட்யூரேஷன் (வால்வு தொறந்திருக்கற காலம்) கூடினதுதான் பிஸ்டனை நெருங்கும்.

[திரை: கிளே உருண்டை, பிளேடு, வெர்னியர்]

பசங்க வெளையாடற கிளே போதும். பிஸ்டனோட வால்வ் பாக்கெட் (வால்வுக்காக வெட்டின குழி) மேல 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்க. வால்வுல ஆயில் தடவுங்க, இல்லாட்டி கிளே பிச்சுட்டு வந்துரும். ஏற்கெனவே அமுங்கின பழைய கேஸ்கெட்டைப் போட்டு ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்சால இறுக்குங்க. டைமிங் மார்க் சேர்த்து, டேப்பட்டை இடைவெளி இல்லாம வெச்சு, பிளக்கைக் கழட்டிட்டு, கிரேங்கைக் கையாலயே ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. எங்கயாவது கெட்டியா நின்னா அழுத்தாதீங்க, அங்கயே வால்வு தொட்டாச்சு.

ஒண்ணு கவனிங்க: கேம் செயினை இறுக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யறதுன்னா இப்ப லூசா இருக்கும். செயின் தொய்ஞ்சா டைமிங் மாறி, அளவே பொய்யாயிரும். அதை இறுக்கிப் புடிச்சுட்டுத்தான் சுத்தணும்.

[திரை: கிளேயைக் குறுக்கே அறுக்கற கை]

ஹெட்டைத் தூக்கி, ஆயில் தொட்ட பிளேடால அறுத்து, மெல்லிசான எடத்தை அளங்க. ஸ்டீல் கனெக்டிங் ராடுக்குப் பொதுவா இன்டேக்குக்கு 2 மில்லி, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மில்லி. பாக்கெட் ஓரத்துல பக்கவாட்டுல 1.25 மில்லியாவது வேணும். கேம் செஞ்சவங்க வேற அளவு குடுத்திருந்தா அதுதான் கணக்கு.

எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூட? பிஸ்டன் அதைத் துரத்திட்டு மேல வருது, சூட்டுல வால்வும் நீளுது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குல வளைவுக்கு முன்னாடி தப்பான கியரை எறக்கினா ஆர்பிஎம் எகிறும், ஸ்பிரிங் தோத்துப் போய் வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்துரும்.

கிளே ஒரே ஒரு அளவுதான் சொல்லும். எந்த டிகிரியில நெருங்குதுன்னு தெரியணும்னா வால்வுக்கு மெல்லிசு ஸ்பிரிங், டயல் கேஜ், கிரேங்குல மாட்டற டிகிரி வீல் வேணும். டிடிசிக்கு முன்னாடி 15 டிகிரியிலிருந்து 5 வரைக்கும் எக்ஸாஸ்ட், டிடிசி தாண்டி 5லிருந்து 15 வரைக்கும் இன்டேக். ரெண்டு ரெண்டு டிகிரியா நிறுத்தி, வால்வைக் கையால அமுக்கி பிஸ்டன் தொடற வரைக்கும் கேஜ் எத்தனை ஓடுதுன்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி நிஜமான டிடிசியை பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தற கருவி) வெச்சுப் புடிச்சுக்கங்க. கேமை அட்வான்ஸ் பண்ணினா, அதாவது முன்கூட்டியே வேலை செய்ய வெச்சா, இன்டேக் நெருங்கும், ரிடார்ட் பண்ணினா, அதாவது தாமதிச்சா, எக்ஸாஸ்ட்.

லேத்துல ஹெட்டை 0.5 மில்லி தேய்ச்சிருந்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவு கொறையும். மேல கேம் இருக்கற இன்ஜின்ல ஹெட் எறங்கறதால டைமிங்கும் ரிடார்ட் ஆகும், எக்ஸாஸ்ட்டுக்கு ரெட்டை அடி. ஹெட் தேய்ச்ச பொறவு பழைய அளவை நம்பவே கூடாது.

பத்தலைன்னா பாக்கெட்டை ஆழமா வெட்டலாம். ஆனா லேத்துக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, பிஸ்டனைத் திருப்பி அடியிலிருந்து தலையோட கனத்தை அளந்துக்கங்க. கேஸ்கெட் கனத்தைக் கூட்டினாலும் இடம் கெடைக்கும், கம்ப்ரெஷன் போகும்.