சக்கோர் ஏன் பறக்காமல் மேட்டில் ஓடுகிறது?

[காட்சி: லடாக். சிந்து நதிக்கு மேலே சரளைக்கல் சரிவு.]

இந்தச் சரிவில் ஒரு பறவைக் கூட்டம் மேய்கிறது. தெரிகிறதா? சாம்பல் முதுகு கல்லோடு கல்லாகக் கலந்துவிடும். சிவந்த அலகையும் காலையும் தேடுங்கள். நெற்றியில் தொடங்கி, கண் வழியாக இறங்கி, தொண்டையைச் சுற்றி வளைக்கும் கறுப்புப் பட்டை, விலாவில் கறுப்பு வரிகள். இதுதான் சக்கோர். நம் கவுதாரிக்கு உறவு. நிலவொளியைப் பருகும் என்று கவிதைகள் சொல்லும் சகோரம் இதுதான் என்பார்கள். உண்மையில் இது தின்பது விதை, புல், தளிர், கிழங்கு, பூச்சி.

[காட்சி: கூட்டம் மேல்நோக்கி ஓடுகிறது.]

ஆள் நெருங்கினால் முதலில் மேட்டைப் பார்த்து ஓடும். வேறு வழியில்லை என்றால்தான் எழும்பி, பள்ளத்தை நோக்கிப் பறக்கும். இறங்கும்போது சரிவே உதவுகிறது. ஏறும்போது?

[காட்சி: மெதுவான அசைவில் குஞ்சு ஒன்று சாய்பலகையில் ஏறுகிறது.]

அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் கென்னத் டயல் சக்கோர் குஞ்சுகளைச் சாய்பலகைகளில் ஏறவிட்டுப் பார்த்தார். முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. சரிவு செங்குத்தாக ஆக ஆக, குஞ்சு ஓடிக்கொண்டே சிறகையும் அடிக்கிறது. அந்த அடி உடலை மேலே தூக்குவதற்கு மட்டுமல்ல, பலகையோடு சேர்த்து அழுத்துவதற்கும்தான். அழுத்தம் கூடுவதால் கால் பிடிமானம் பெறுகிறது. பலகையில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு இருந்தால் ஏறிவிடும். வழவழப்பாக இருந்தால் வழுக்கும். சிறகிறகுகளை வெட்டிக் குட்டையாக்கினால் ஏறும் திறன் குறைகிறது. வளர்ந்த பறவையோ நேர்செங்குத்தையும் தாண்டி, 105 பாகை வரை தன் பக்கம் சாய்ந்த பரப்பிலும் ஏறியது! பறக்கத் தெரியாத குஞ்சுக்கும் அரைகுறைச் சிறகு பயன்படுகிறது என்பதுதான் இதில் அருமை.

அந்தப் பயன் அதற்கு அவசியம். கூடு என்பது புதரோ பாறையோ மறைக்கும் தரைக்குழி. பெரும்பாலும் 7 முதல் 14 முட்டைகள், 23–25 நாள் அடைகாப்பு. பொரித்த குஞ்சுகள், பறக்கத் தெரியும் முன்பே, கூட்டை விட்டுத் தாயோடு நடக்கத் தொடங்கிவிடும்.

[காட்சி: ஓடைக்கரை, விடியல்.]

பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பிழை, கீழிருந்து துரத்தி ஏறுவது. சக்கோரைவிட வேகமாக உங்களால் ஏற முடியாது. எதிர்ச்சரிவில் அசையாமல் உட்காருங்கள். காலையில் 'சக்-சக்-சக்' என்று வேகம் கூடிக்கொண்டே போகும் குரல் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கும். அதன் வழியை மறிக்காமல் விலகி இருங்கள்.