மெஹர்சாத்: உட்கார்ந்த இடத்தில் 1.9 மீட்டர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஈரானின் மோர்தசா மெஹர்சாத் என்றதும் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். 246 சென்டிமீட்டர். அந்த உயரம், மாற்றுத்திறனாளிகள் தரையில் உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் புள்ளியாக மாறுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஆண்களுக்கு நெட்டின் உயரம் 1.15 மீட்டர். மெஹர்சாத் தரையில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் சுமார் 1.9 மீட்டர் எட்டும். அதாவது நெட்டுக்கு மேலே முக்கால் மீட்டர்! மற்றவர்களின் பிளாக், அதாவது நெட்டருகே கையைத் தூக்கிப் பந்தைத் தடுப்பது, அந்த உயரத்துக்குப் போவதே இல்லை.

விதி ஒன்று உண்டு. பந்தை அடிக்கும் நொடியில் பிட்டத்திலிருந்து தோள்வரை உடம்பின் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் புள்ளி எதிரணிக்கு. நின்று ஆடிப் பழகியவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். கை மேலே போனால் இடுப்பும் கூடவே எழும்பிவிடும். எட்டாத பந்துக்கு எம்புகிறவருக்குத்தான் இந்த ஆபத்து. மெஹர்சாத்துக்கு எம்ப வேண்டிய தேவையே குறைவு.

நகர்வதும் கையால், ஆடுவதும் அதே கையால். பந்து நெட்டைத் தாண்டிய பிறகு நகரத் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. பந்து வரும்போது கை தரையில் மாட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த ஆட்டத்தைச் சுலபம் என்று நினைப்பது இதைக் கவனிக்காததால்.

என் கணிப்பில் மெஹர்சாத்தின் உண்மையான பலம் ஸ்பைக்கை (பந்தை ஓங்கி அடிப்பதை) விட எதிரணியின் சர்வீஸில் தெரியும். நின்று ஆடும் வாலிபாலில் சர்வீஸை பிளாக் செய்யக்கூடாது. இங்கே செய்யலாம். அவர் முன்வரிசையில் இருக்கும்போது தாழ்வாக, வேகமாகப் போட்டால் பந்து போன வழியே திரும்பிவரும். எனவே அவர் கைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். அதே பந்து அந்தப் பக்கத்து 5 மீட்டருக்குள் விழவும் வேண்டும். அப்படிப் போட்டால் வேகம் செத்துவிடும். ஈரான் நிதானமாக எடுக்கும், செட்டர் உயரமாகத் தூக்கிக் கொடுப்பார், அடிப்பது யாரென்று சொல்லத் தேவையில்லை. எதிரணிக்கு மூச்சு விட வழி, வீரர்கள் இடம் மாறும் சுழற்சியில் அவர் பின்வரிசைக்குப் போகும்போதுதான். அங்கிருந்து பிளாக் செய்ய அவருக்கு அனுமதி இல்லை.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987-இல் பிறந்தவர், ஊர் காஸ்பியன் கடலோரத்து சாலூஸ். வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி நோய். பதின்வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு அடிபட்டது. வலது கால் வளர்ச்சி நின்று, இடது காலைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்தவரை 2011-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்துத் தேடிப் பிடித்தவர் பயிற்சியாளர் ஹாதி ரெசாயி.

இதில் ஈரானின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1980 முதல் 1988 வரை நடந்த ஈராக் போரில் ஊனமுற்றவர்களால் வேரூன்றிய ஆட்டம் அங்கே. மெஹர்சாத் வருவதற்கு முன்பே ஐந்து பாராலிம்பிக் தங்கம் அவர்களிடம் இருந்தது. நெடுநாள் எதிரியான போஸ்னியாவும் போரில் அடிபட்ட நாடுதான்.

ரியோ 2016 இறுதியில் போஸ்னியாவுக்கு எதிராக மெஹர்சாத் மட்டும் 28 புள்ளிகள். அடுத்து டோக்கியோ, பாரிஸ் என மூன்று தங்கம். மூன்று இறுதியிலும் முடிவு 3–1. ஆக, அவரை வைத்துக்கொண்டும் ஈரான் ஒவ்வொரு இறுதியிலும் ஒரு செட்டை விட்டிருக்கிறது.