ஊர் அறிந்தவரும் ஊர் தேடியவரும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அம்மையார் அவர்களே, மழை மிரட்டியும் பந்தல் நிறைய வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து வரவேற்ற விழாக் குழுவினருக்கு என் தனிப்பட்ட நன்றி.

பலருக்கும் தெரிந்தவராவது எப்படி, பலருக்கும் வேண்டியவராவது எப்படி, அந்த அன்பைக் கடைசிவரை காப்பது எப்படி என்ற மூன்று செய்திகளையும் இரண்டு மனிதர்களின் வாழ்க்கை வழியே சொல்ல வந்தேன். காய்த்த மரம் கல்லடி படும் என்பார்கள். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, பள்ளிகளைப் பெருக்கி, பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்த காமராசர், 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். மக்களின் அன்பை ஒரு நாள் வாக்கெண்ணிக்கையால் அளந்துவிட முடியுமா?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நூலகர் இருந்தார். மேடையேறியதில்லை; 'நூலகத்து சார்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தேறாத அன்று, வீட்டுக்குப் போகப் பயந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குப் பூட்ட வேண்டியவர், "தம்பி, இந்த அட்டையைக் கொஞ்சம் பிடி" என்று கிழிந்த நூல்களுக்குப் பசை தடவத் தொடங்கினார். ஒன்பதரை வரை ஒட்டினோம். என்ன நடந்தது என்று அவர் கேட்கவேயில்லை. பிறகு சைக்கிளில் என்னை வீட்டு வாசலில் இறக்கி, "தாமதம் என்னால்தான், பிள்ளை எனக்கு ஒத்தாசையாக இருந்தான்" என்று அப்பாவிடம் சொன்னார். அன்று எனக்கு அடி விழவில்லை.

விதிக்கு மேல் நூல் தருகிறார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, அவருக்கு மாற்றல் வந்தது. காய்த்த மரமல்லவா, கல் விழுந்தது! பேருந்து ஏற்றிவிட நாற்பது பேர் போயிருந்தோம். மகளை அந்த நூலகத்தில் படிக்க வைத்த சித்தாள் ஒருவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார்.

இரண்டு ஆண்டுகளாக அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. பொறுப்பு நூலகர் வாரத்தில் மூன்று மாலைகள்தான் வருகிறார். 1931இலேயே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் தவறாமல் கட்டிவருகிறோம். நிரந்தர நூலகர் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வராத பாட்டிமார் கைநாட்டு வைக்கலாம். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டுமெனக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.