பீக்கன், புரோப், மண்வாரி: பனிச்சரிவில் புதைந்தவரை எப்படி மீட்பது?

[காட்சி: அபர்வத் மலைச்சரிவு, காலை]

காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, 3,900 மீட்டருக்கும் மேலே இறங்குகிறவர், கண்காணிக்கப்படும் சறுக்குப் பாதையை விட்டுச் சற்று விலகினாலே, பனி எந்த நேரமும் பெயரக்கூடிய சரிவில்தான் நிற்கிறார். 2024 பிப்ரவரியில் இங்கே ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய இடங்களுக்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டறியச் சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும் சிறு கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீண்ட கம்பி), மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் பையிலுள்ள மண்வாரி உங்கள் நண்பருக்கானது. உங்களுக்கான மண்வாரி அவர் பையில் இருக்கிறது. புதைந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறியே இறக்கிறார்கள். 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பதையும், அரை மணி நேரத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவராகச் சரிந்துவிடுகிறது என்பதையும் சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகள் காட்டுகின்றன. ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

[காட்சி: பீக்கனின் திரை, அண்மையில்]

பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் துடிப்புகளை அனுப்புகிறது. உலகெங்கும் இதே அலைவரிசை என்பதால், எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றைக் கேட்கும். தேடுகிறவர் தம் கருவியைத் தேடல் நிலைக்கு மாற்றியதும் திரையில் திசை காட்டும் அம்புக்குறியும், தூரத்தை மீட்டரில் காட்டும் எண்ணும் தோன்றும். அம்புக்குறி நேராக அழைத்துச் செல்லாது; காந்தப்புலத்தின் வளைவையொட்டிச் சுற்றி இட்டுச்செல்லும் என்பதைப் பழகாதவர் பதற்றத்தில் கருவி பழுதென்றே நினைத்துவிடுவார். எண் மூன்றுக்குக் கீழே இறங்கியதும் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டறிய வேண்டும். கைபேசி அருகில் இருந்தால் எண்கள் தாறுமாறாக ஓடும். ஆகவே தேடும்போது இரண்டுக்கும் இடையே 50 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

அந்த இடத்திலிருந்து தொடங்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாகப் புரோபைக் குத்திக்கொண்டே போக வேண்டும். தரையில் பட்டால் கணீரென்று நிற்கும் கம்பி, உடலில் பட்டால் மெத்தென்று எதிர்க்கும். பட்ட கம்பியை உருவிவிடக் கூடாது.

[காட்சி: மூவர் பனியை வாருகிறார்கள்]

உண்மையில் நேரத்தை விழுங்குவது தோண்டும் வேலைதான். சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேலான பனியை அகற்ற நேரலாம். பிளாஸ்டிக் மண்வாரி இங்கே உடைந்துபோகும் என்பதால், அலுமினியத் தகடுடையதையே வாங்குங்கள். கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டுவதைப் போலத் தோண்டினால் புதைந்தவரின் முகத்தருகே மூச்சுவிட உள்ள காற்றிடம் நசுங்கக்கூடும். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து கிடைவாட்டில் கம்பியை நோக்கித் தோண்ட வேண்டும். பலர் இருந்தால் ‘வி’ வடிவில் நின்று, முன்னே நிற்பவர் வெட்டிய பனியைப் பின்னே நிற்பவர்கள் துடுப்புப் போடுவதைப் போலத் தள்ளிவிடலாம்.

பிடியை இழுத்ததும் காற்றால் உப்பும் ஏர்பேக் முதுகுப்பை, புதையும் ஆழத்தைக் குறைக்கும். ஆனால் அது பாறையிலும் மரத்திலும் மோதுவதைத் தடுக்காது. ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும், உடையில் தைக்கப்படும் ரெக்கோ பிரதிபலிப்பானைத் தேட மீட்புக் குழுவின் தனிக் கருவி தேவை. அதைப் பீக்கனுக்கு மாற்றாகக் கருத வேண்டாம்.

[காட்சி: கேபிள் கார் நிலைய வாசல்]

புறப்படும் முன், ஒருவர் தேடல் நிலையில் நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து செல்கிறார்கள். ‘பீப்’ ஒலி எழாத நான்காமவரின் கருவியைத் திறந்தால், உள்ளே பேட்டரி பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கிறது. அவர் இன்று கீழேயே இருக்கிறார்.