பத்துக் குடத்தில் ஒரு கடற்கரை

நடுவர் அவர்களே, எதிரணியில உக்காந்திருக்கிற சான்றோர்களே, காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு நாலா பக்கமும் இருந்து வந்து, தைப்பனியில தலையில துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கிற தண்டையார்பேட்டைப் பெருமக்களே, வணக்கம்.

தலைப்பு என்ன? "குடும்பத்தோட கடலோரப் பயணத்துக்கு ஏத்தது கேரவனா, காரும் லாட்ஜுமா?" நான் கேரவன் அணி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறைன்னு வீடே சக்கரத்துல ஓடுற வண்டிக் கட்சி. எனக்கு முன்னால பேசின அண்ணன் மூணு குண்டு போட்டாரு. கேரவன் சினிமாக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னாரு. குளிக்கத் தண்ணி ஏதுன்னாரு. ராத்திரி முழுக்க ஏசி ஓடாதுன்னாரு. கைத்தட்டலை அள்ளிட்டாரு.

சினிமாக்காரங்க சமாச்சாரமா ஐயா? இங்க இருந்து கூப்பிடு தூரத்துல காசிமேட்டுத் துறைமுகம். தங்கு கடலுக்குப் போற விசைப்படகுல என்ன இருக்கு? டீசல், ஐஸ், தண்ணி, அரிசி, அடுப்பு, படுக்க ஒரு பலகை. ஐஸ் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் கடல்ல குடும்பம் நடக்குது. அதை ஓட்டுற ஸ்ராங்குகிட்ட போய் "கேரவன்னா என்ன தெரியுமா"ன்னு கேட்டா சிரிப்பாரு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசையில நிக்கிற கண்டெய்னர் டிரைவர் கேபின்லயே தூங்கி, வண்டி நிழல்ல ஸ்டவ் பத்தவைக்கிறாரே, அதுக்கு என்ன பேரு? அது தங்கு கடல், இது தங்கு ரோடு. கணக்கு ஒண்ணுதான்.

அந்தக் கணக்குல முதல் வரி தண்ணி. நியூசிலாந்துல கேரவனுக்கு, வெளி உதவி இல்லாம மூணு நாள் தாங்கும்னு சர்டிபிகேட் வாங்க, தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு மூணு நாளைக்கு 12 லிட்டர் இருந்தாப் போதும். நம்ம ஆளுங்களுக்கு அது பல்லு விளக்கவே பத்தாது! அதனால நம்ம கணக்கைக் குடத்துல போடுவோம். பிளாஸ்டிக் குடம் ஒண்ணு 15 லிட்டர். வண்டியில 150 லிட்டர் டேங்க் இருந்தா பத்துக் குடம். அஞ்சு பேர் குடும்பம், சொம்புல மொண்டு குளிச்சா ஆளுக்கு ஒரு குடம், அஞ்சு. பாத்திரம், கைகால், மத்ததுக்கு ரெண்டு. ஆக, ஒரு நாளைக்கு ஏழு குடம், மீதி மூணு மறுநாள் காலைக்கு. ஷவரைத் திறந்தீங்கன்னா நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர் போகும். அஞ்சு பேரும் நாலு நிமிஷம் நின்னா பத்துக் குடமும் காலி. லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசை போட்ட ஊரு சார் இது. சொம்புக் குளியலை நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

குடிக்கிற தண்ணி டேங்க்ல சேராது. அதுக்குத் தனியா 20 லிட்டர் கேன் ரெண்டு, சீட்டுக்கு அடியில பட்டை போட்டுக் கட்டணும். இன்னொண்ணு, கடலோரத்துல போர் தண்ணின்னாலே ஒரு சந்தேகம் வேணும். ரெண்டு சொட்டு நாக்குல வைங்க. கரிச்சா டேங்க்ல ஊத்தாதீங்க. பம்ப்ல உப்பு படியும், சோப்பு நுரைக்காது, ஹீட்டர் இருந்தா அதோட காயில் போயிடும். டேங்க்கை நிரப்பினா முழுசா நிரப்புங்க, இல்லேன்னா கிட்டத்தட்டக் காலியா வச்சு ஓட்டுங்க. அரை டேங்க்ல தண்ணி வளைவுக்கு வளைவு அலையடிச்சு, பிரேக் போட்டா முன்னால தள்ளும்.

இப்ப யாரும் மேடையில பேசாத சங்கதி. கழிப்பறை. கேரவன்ல இருக்கிறது கேசட் டாய்லெட். அடியில 18, 20 லிட்டர்ல ஒரு பெட்டி, நிரம்பினா வெளிப்பக்கம் உருவி எடுத்துக் கொட்டணும். இதைச் செஞ்சவன் காகிதத்துல துடைக்கிற ஊர்க்காரன். நாம தண்ணி ஊத்துற ஊர்க்காரங்க. அங்க ரெண்டு மூணு நாள் தாங்குற பெட்டி இங்க ஒரே நாள்ல நிரம்பிடும். இது தெரியாம வாடகைக்கு எடுத்தவங்கதான் ரெண்டாம் நாளே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வர்றாங்க. பகல்ல பெட்ரோல் பங்க், ஓட்டல் கழிப்பறை. வண்டியில இருக்கிறது ராத்திரிக்கும், மூட்டுவலிப் பாட்டிக்கும், அவசரக் குழந்தைக்கும். பெட்டியை தினம் ஒரு தடவை, அனுமதி கேட்டு ஒரு பிளஷ் டாய்லெட்ல கொட்டி, ரெண்டு தடவை அலசி, மருந்து ஊத்தணும். மருந்துலயும் கவனம். பார்மலின் கலந்த நீல மருந்தை வேணாம்னு சொல்லுவேன். கடலோர ஊர்ல பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். மலத்தை மக்க வைக்கிற கிருமியை அது கொன்னுடும், மறுதடவை அந்த இடத்துக்காரர் உங்களை உள்ள விட மாட்டாரு. என்சைம் மருந்து வாங்குங்க. கடல்லயோ பனங்காட்டுலயோ கொட்டுறவங்க என் அணியில இருந்தாலும் நான் அவங்களுக்குப் பேச மாட்டேன்.

எதிரணி கேக்கலாம், இவ்வளவு பாடு எதுக்கு, லாட்ஜ்ல பாத்ரூம் இருக்கேன்னு. இருக்கு. பகல் பன்னெண்டு மணிக்கு எங்க இருக்கு? கிழக்குக் கடற்கரைச் சாலையில மரக்காணம் உப்பளம் தாண்டி நடு வெயில்ல அம்மா முகம் சுருங்குறப்ப லாட்ஜ் பாத்ரூம் எத்தனை கிலோமீட்டர்ல இருக்கு? சர்க்கரைக்கு ஊசி போடுற பெரியவருக்கு, உடைக்காத இன்சுலினை 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். கார்ல தெர்மாகோல் டப்பாவுல ஐஸோட ஒட்டி வச்சா உறைஞ்சு வீணாகும், ஐஸ் கரைஞ்சா சூடாகும். கேரவன்ல கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஓடிக்கிட்டே வருது.

அப்புறம் ஏசி. இதுல அண்ணன் சொன்னது முழுக்க சரி, ஒத்துக்கறேன். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில இருக்கிறது இரண்டரை யூனிட் கரண்ட். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் வாக்குல இழுக்கும். ரெண்டு, இரண்டரை மணி நேரத்துல கதை முடிஞ்சது. கூரையில 400 வாட் சோலார் போட்டாலும் நல்ல வெயில் நாள்ல கிடைக்கிறது ஒண்ணரை, ரெண்டு யூனிட். ஆனா ஏசியை எடுத்துட்டுப் பாருங்க. 25 வாட் ஃபேன் மூணும் சேர்ந்து, ஒரு ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். பிரிட்ஜ் நாள் முழுக்க அதே அளவு. லைட், போன் எல்லாம் சில்லறை. சோலாரே தாங்கும். அதனால கேள்வி ஏசி இல்ல, மாசம். பொங்கல் முடிஞ்சு பங்குனி வரைக்கும் ராத்திரியில கடல் காத்து போதும், ஜன்னல்ல கொசுவலை மட்டும் கிழியாம இருக்கணும். நம்ம பக்கம் படகைக் கரையில கட்டிப் போடுற மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14, 61 நாள். ஓய்வு கிடைக்குதுன்னு அப்பப் போகத் தோணும். அக்னி நட்சத்திரத்துல தகரப் பெட்டிக்குள்ள பிளக் இல்லாம படுக்க முடியாது.

பிளக் எங்க கிடைக்கும்? ஆஸ்திரேலியாவுல கிரேட் ஓஷன் ரோடுன்னு 243 கிலோமீட்டர் கடலோரச் சாலை, முதல் உலகப்போர் முடிஞ்சு திரும்பின வீரர்கள் 1919-ல ஆரம்பிச்சு 1932 வரைக்கும் வெட்டினது. அங்க ஊருக்கு ஊர் கேரவன் பார்க், குழாய், பிளக், கழிவு கொட்ட இடம். இங்க அது இல்லையேன்னு எதிரணி அக்கா உருகினாங்க. பக்கத்துக் கேரளாவே 2021-லதான் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை போட்டுச்சு. ஆனா நம்மகிட்ட ஒண்ணு இருக்கு, அங்க இல்லாதது: கல்யாண மண்டபம்! முகூர்த்தம் இல்லாத நாள்ல காலி மைதானம், தண்ணி, கழிப்பறை, கேட்டு, வாட்ச்மேன். மேனேஜரைப் பாத்துப் பேசினா ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும். குறைஞ்சது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், இருபது மீட்டர். சுருளை முழுசாப் பிரிச்சுப் போடணும், சுருட்டி வச்சு ஏசி ஓட்டினா உள்ளுக்குள்ள சூடேறி உருகும். எர்த் இருக்கான்னு காட்டுற சாக்கெட் டெஸ்டர் வச்சுப் பாக்காம சொருகாதீங்க, மொத்த வண்டியும் இரும்பு. இருட்டின பிறகு இடம் தேடுறதும் தப்பு, நாலு மணிக்கே நிறுத்தணும்.

அதனாலதான் ஒரு நாளைக்கு 150, 160 கிலோமீட்டருக்கு மேல போகாதீங்கன்னு சொல்றது. முதல் நாள் விடியக்காலை நாலு மணிக்கு, லாரி நெரிசலுக்கு முன்னால கிளம்பி புதுச்சேரி. ரெண்டாம் நாள் கடலூர், பிச்சாவரம், தரங்கம்பாடி. அங்க டேனிஷ்காரன் 1620-ல கட்டின கோட்டை. லாட்ஜ்காரங்க அதை மொட்டை வெயில்ல பாத்துட்டு அடுத்த ஊர் ரூமுக்கு ஓடுவாங்க. நாம சாயங்காலம் உக்காந்து பாக்கலாம். மூணாம் நாள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. பிறகு முத்துப்பேட்டை வழியா ராமேஸ்வரம். தனுஷ்கோடியில தங்கலாம்னு கனவு காணாதீங்க, சாயங்காலத்துக்கு மேல போலீஸ் திருப்பி அனுப்பிடும்.

நாகப்பட்டினத்துல மீன் வாங்குவீங்க, தெரியும். காசிமேட்டு மூக்குக்கு ஓட்டல் மீன் இறங்காது. மார்க்கெட்லயே ஆய்ஞ்சு, கழுவி வாங்கிக்கங்க. வண்டி சிங்க்ல மீன் கழுவின தண்ணி அடியில இருக்கிற கழிவுத்தண்ணி டேங்க்ல நின்னா மறுநாள் மத்தியானத்துக்குள்ள ஊரே திரும்பிப் பாக்கும். பொரிக்கிறதும் வெளியில, காத்துக்கு மறைவா. உள்ள பொரிச்சா மெத்தை ஸ்பாஞ்ச்ல வாரக்கணக்குல வஞ்சிரம் மணக்கும். 5 கிலோ சிலிண்டர் போதும், ஒரு வாரப் பயணத்துக்குத் தாராளம். வண்டி நகரும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கணும். சிலிண்டர் பெட்டிக்கு ஓட்டை தரைமட்டத்துல இருக்கணும், மேல இல்ல. சமையல் கேஸ் காத்தைவிடக் கனம், கீழதான் தேங்கும். கசிவு அலாரமும் அதே மாதிரி முழங்காலுக்குக் கீழ.

என் அணித் தம்பி ஒருத்தர் "படுத்துக்கிட்டே போகலாம்"னாரு. தம்பி, அது தப்பு. ஓடுற வண்டியில கட்டில்ல யாரும் படுக்கக் கூடாது, எல்லாரும் பெல்ட் போட்ட சீட்ல. செலவைப் பத்தி எதிரணி சொன்னதுல பாதி உண்மை: புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருன்னா கேரவன் வாடகை கட்டாது. அஞ்சாறு பேருன்னா, ரெண்டு ரூமையும் மூணு வேளை ஓட்டலையும் கூட்டிப் பாருங்க. ஷெட்ல பழைய வேனுக்குக் கட்டில் அடிச்சு ஓட்டுறதும் வேணாம். ஆர்.சி.யில கேரவன்னு ஏறலேன்னா, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான்.

உயரத்தை மறக்காதீங்க. கூரை ஏசியோட பத்தடி வரும். ரயில்வே சுரங்கப்பாதைக் கம்பிக்கு அது தெரியாது, அளந்து கண்ணாடியில எழுதி ஒட்டுங்க. பாம்பன் பாலத்துல பக்கவாட்டுக் காத்து இந்த அகலத்தை அப்படியே தள்ளும். அங்க பழைய பாலத்துல ரயில் ஓடின காலத்துல, காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிறுத்தினாங்க. நாம நாப்பதுக்கு மேல போகாம, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் புடிச்சுப் போகணும். மணல்ல இறக்காதீங்க. இறங்கிட்டா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, மிதிக்க மிதிக்க ஆக்சில் வரைக்கும் புதையும். சக்கரத்துக்கு முன்னால பறிச்சு, காத்தைப் பாதியாக் குறைச்சு, தென்னை மட்டையைத் திணிச்சு மெதுவா எடுங்க. அப்பவும் வரலேன்னா படகு இழுக்கிற டிராக்டர் அங்கேயே இருக்கும். கயித்தை பம்பர்ல கட்டாம சேஸிஸ் கொக்கியில மாட்டுங்க. காத்தைத் திரும்ப அடிக்காம தார் ரோட்டுல ஓட்டினா டயர் வெடிக்கும். வீட்டுக்கு வந்த அன்னிக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவி...

மணி அடிச்சிட்டீங்களா ஐயா? ஒரே நிமிஷம். மண்டபத்துல இருந்து காலையில கிளம்புறப்ப வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. கேஸ் மூடியாச்சா, கூரை ஜன்னல் சாத்தியாச்சா, பிரிட்ஜ் கதவு பூட்டியாச்சா, படிக்கட்டு உள்ள போச்சா. கடைசியா அந்த ஒயரைப் புடுங்கிட்டீங்களான்னு பாருங்க. மண்டபத்துக்காரரோட பிளக் பாயிண்ட் உங்க பின்னாலயே ராமேஸ்வரம் வரக் கூடாது. நன்றி, வணக்கம்.